கொழுந்தும் சீனத்துக் கொழுக்கட்டையும்

மாத்தளையில் இரத்தோட்டைப் பஸ்ஸில் ஏறுகின்றவர்கள் பெரும்பாலும் இரு சாரார். ஒரு சாரார் அவ்வூரைக் கடந்து ரிவஸ்டன் மலைக்குச் சென்று பனிமூட்டத்தையும் பிட்டவலைப் புல்வெளியையும் கண்டு களிக்க வருபவர்கள். மறு சாரார் ஊரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்பவர்கள். முதற்சாராருக்கு இரத்தோட்டை வண்டியை நிறுத்தித் தேநீர் பருகும் இடம் மட்டுமே. மிளகுக் கொடி படர்ந்த மரங்களையும், வீட்டு முற்றத்தில் பாயில் உலரும் கராம்பையும் சாதிக்காயையும் அவர்கள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நாமும் பிறர் ஊர்களை அப்படித்தான் பார்க்கிறோம்.

அவர்கள் தேநீர் பருகும் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் வடைக்கும் பணிசுக்கும் அருகே பொன்னிறமான உருளைப் பண்டம் ஒன்று அடுக்கப்பட்டிருக்கும். அதன் பெயர் 'சைனீஸ் ரோல்ஸ்'. மாவைக் கரைத்துத் தோசைபோல் வார்த்து, உறைப்பான கிழங்கையும் மீனையும் உள்ளே வைத்துச் சுருட்டி, பாண் தூளில் புரட்டிப் பொரித்தெடுப்பது. சீன தேசத்தில் பிறந்த எவரும் இதனைத் தம் நாட்டுப் பண்டம் என ஒப்புக்கொள்வாரா என்பது ஐயமே. எனினும் இலங்கையில் எந்தக் குக்கிராமத்துக்குச் சென்றாலும் சீனத்தின் பெயரால் உண்ணத்தக்கது ஒன்று கிடைக்கிறது. எம் பெரியம்மா தம் எழுபத்தொரு வயது வரை சீன உணவென்று அறிந்திருந்தது இந்த ரோல்ஸ் ஒன்றைத்தான்.

பெரியம்மா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவருடைய பேரன், எமக்கு மகன் முறையாகின்றவன், பள்ளிப் படிப்பை முடித்ததும் தோட்டத்து இளைஞர் பலரையும்போல் கொழும்புக்குச் சென்றான். முதலில் புறக்கோட்டையில் ஒரு கடை. பின்னர் ஓர் உணவுச்சாலையில் பாத்திரம் கழுவும் வேலை. அங்கிருந்து படிப்படியாக மேலேறி, காலிமுகத்திடலின் எதிரே எழுந்துள்ள பெரிய வணிக வளாகத்தின் சீன உணவுச்சாலையில் ஆவியில் அவிக்கும் பகுதிக்கு வந்து சேர்ந்தான். உணவுச்சாலையின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்வது எம் நோக்கமன்று; சொல்லாமல் விடுகிறோம்.

2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. துபாயில் இதே வேலைக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பயணம். அதற்கு முன் அப்பாயியை ஒருமுறை அழைத்து வர வேண்டும். செலவு தன்னுடையது என்றான். பெரியம்மாவுக்கு இப்பயணத்தில் சம்மதமில்லை என்பது எமக்குத் தெரியும். "நேர்ல பாத்து, போக வேணாம்னு சொல்லிட்டு வரணும்" என்று கூறித்தான் வானில் ஏறினார். மடியில் ஒரு சிறு துணிப் பொட்டலம் இருந்தது. எம் மனைவியும் பெண்மக்கள் இருவரும் எம்முடன் வந்தனர்.

விடியுமுன் புறப்பட்டோம். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பெரியம்மா இறங்கிக் கும்பிட்டார். அவ்விடத்தை எம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இருந்த சில நிமிடங்களில் கூறினோம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய எம் முன்னோர், காட்டு வழியே கால்நடையாக வந்து மலைநாட்டில் நுழைந்த வாயில் மாத்தளைதான். வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டவர்கள் ஏராளம். 2023 இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே வந்தார்கள்; ஜூலை 28 இல் தொடங்கி ஆகஸ்ட் 12 இல் முடிந்த நடை அது. அந்தப் பாதையில் வந்தவர்களின் பேத்தி இப்போது வாடகை வானில் எதிர்த்திசையில் செல்கிறார் என்று மூத்தவள் கூறினாள். அவளுக்கு வரலாற்றில் எப்போதும் நல்ல புள்ளிகள்.

கண்டி, கடுகண்ணாவ, கேகாலை என்று எல்லோரும் அறிந்த வழிதான், விவரிக்க வேண்டியதில்லை. கொழும்பை அடைந்தபோது மணி பத்தரை.

காலிமுகத்திடல் 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் மக்கள் உலாவுவதற்கென அமைந்த வெளி. அதன் எதிரே முன்னர் இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்தில் இன்று விடுதியும் மாடமாளிகைகளும் வானளாவ நிற்கின்றன. 'வன் கோல்ஃபேஸ்' என்னும் வணிக வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அப்பால் கடலைத் தூர்த்து உண்டாக்கிய 269 ஹெக்டேயர் புதுநிலம், துறைமுக நகரம் என்னும் பெயருடன் கிடக்கிறது. தூர்த்தது ஒரு சீனக் கம்பனி. கொழும்பில் சீனம் என்றால் இந்நாளில் மக்கள் முதலில் சுட்டிக்காட்டுவது இதனையே. ஆனால் உறவு நேற்றையதன்று. 1952 இல் எம் றப்பருக்குச் சீனம் அரிசி தந்த ஒப்பந்தத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கும் முன்னே, 1409 ஆம் ஆண்டைத் தாங்கிய கல்வெட்டொன்று காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்டது; இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. கடலோடித் தளபதி செங் ஹோ நிறுவிய அக்கல்லில் சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பேரரசன் இத்தீவின் கரையில் பேச நினைத்த மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதைப் படிக்கும் மாணவர்கள் ஒருமுறையாவது சென்று பார்க்க வேண்டும்.

வளாகத்தினுள் குளிர்ந்த காற்றும் பளிங்குத் தரையும் எம்மை வரவேற்றன. நகரும் படிக்கட்டின் முன் எம் இளைய மகள் பாட்டியின் கையைப் பற்ற முனைந்தாள். அவரோ சேலைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, செங்குத்தான மலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கூடையுடன் நின்ற கால்களுக்குரிய நிதானத்தோடு ஏறி, மேலே போய் எமக்காகக் காத்து நின்றார்.

உணவுச்சாலையில் எம் இருக்கை சாளரத்தருகே அமைந்திருந்தது, கடல் தெரிந்தது. வட்ட மேசையின் நடுவே சுழலும் தட்டு. பரிமாறும் பெண் தமிழிலேயே பேசினாள். ஹற்றன் பக்கத்துப் பிள்ளை என்று பேச்சில் தெரிந்துகொண்ட பெரியம்மா, உட்காருமுன்பே அவளுடைய தோட்டத்தையும் தாய் தந்தையரையும் விசாரித்துவிட்டார்.

'டிம் சம்' என்பது தென்சீனத்துக் குவாங்தோங் மக்கள் வழங்கும் பெயர். நெஞ்சைத் தொடுவது என்று சொல்லுக்குச் சொல் பொருள் கூறுவார்கள். வயிற்றை நிரப்புவதன்று, சிறிது சிறிதாகச் சுவைப்பது என்பது கருத்து. அங்கே இதனை உண்ணச் செல்பவர்கள் "உண்ணப் போகிறோம்" என்று சொல்வதில்லை. 'யம் சா', அதாவது "தேநீர் அருந்தப் போகிறோம்" என்பார்களாம். வழிப்போக்கர் இளைப்பாறிய தேநீர்க் கடைகளில் தேநீருக்குத் துணையாகத் தொடங்கிய சிற்றுண்டி அது. ஆகவே எம் இரத்தோட்டைத் தேநீர்க் கடைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. விலையில் உண்டு. ஒரு பெட்டிக் கொழுக்கட்டையின் விலையைப் பட்டியலில் கண்ட மூத்தவள் மெல்ல எம் காதில் ஓதினாள். 2021 இல் பெரும் போராட்டத்தின் பின் ஆயிரம் ரூபாவாகி, 2024 செப்டெம்பரில் 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை அது தாண்டியிருந்தது. பெரியம்மாவிடம் சொல்லாதே என்று கண்ணால் காட்டினோம். பட்டியலில் தமிழ் இல்லாததும் அன்று ஒரு வகையில் நல்லதாயிற்று.

மூங்கிற் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மூங்கிலில் அவிப்பதற்குக் காரணம் உண்டு. உலோக மூடியில் ஆவி நீராகித் திரண்டு பண்டத்தின்மேல் சொட்டும். மூங்கில் அந்த ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மூங்கிற் குழலில் பிட்டு அவித்த எம் பாட்டிமாருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

முதற்பெட்டியில் 'ஹார் காவ்'. இறாலை உள்ளே வைத்து மடித்த சிறு கொழுக்கட்டை. தோல் கண்ணாடிபோல் மெல்லியது. உள்ளிருக்கும் இறாலின் செந்நிறம் வெளியே தெரிகிறது. ஒரு பக்கம் சேலைக் கொசுவம்போல் நெருங்கிய மடிப்புகள். டிம் சம் சமையற்காரன் ஒருவனின் கைத்திறனை இந்த ஒரு பண்டத்தை வைத்தே அளந்துவிடுவார்களாம். மடிப்புகள் ஏழுக்குக் குறையக் கூடாது. பத்துக்கு மேற்பட்டால் சிறப்பு. தோல் பெட்டியில் ஒட்டக் கூடாது. எடுக்கும்போது கிழியக் கூடாது. பல்லில் பிசின்போல் பற்றவும் கூடாது.

பெரியம்மா குச்சிகளைத் தொடவில்லை. கையால் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இளையவளைக் கொண்டு மடிப்புகளை எண்ணச் செய்தார். பதினொன்று. பின்னரே வாயில் இட்டார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இது அரிசி மாவு இல்ல" என்றார் முடிவில்.

உண்மைதான். கோதுமையிலிருந்து பசைச்சத்தை நீக்கி எடுத்த வெண்மாவும் மரவள்ளி மாவும் கலந்தது அது. கொதிநீர் ஊற்றிப் பிசைவார்கள். கூர் இல்லாத அகன்ற கத்தியில் எண்ணெய் தடவி ஒரே அழுத்தில் வட்டமாகத் தேய்த்து எடுப்பார்கள். இதனைப் பரிமாறும் பெண் சொல்லக் கேட்ட பெரியம்மா, "கொழுக்கட்டைக்கு நாமளும் கொதிதண்ணிதானே ஊத்துறோம்" என்று தலையசைத்தார். சீனம் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மடிப்பை மட்டும் மீண்டும் ஒருமுறை பார்த்தார்.

பன்றி இறைச்சி எதுவும் வரக்கூடாதென்று பேரன் உள்ளே ஏற்பாடு செய்திருந்தான். கோழியிறைச்சி வைத்த 'சியூ மாய்', காளான் கொழுக்கட்டை, அரிசி மாவை ஆடைபோல் வார்த்துச் சுருட்டிய 'சோங் ஃபன்' ஆகியவை வந்தன. இந்தக் கடைசிப் பண்டத்தை எம் மனைவி இடியப்பத்தின் தூரத்து உறவு என்று தீர்ப்பளித்தாள். அடுத்து வந்தது கோழிக்கால். பொரித்து, ஊறவைத்து, கறுப்பு அவரைக் குழம்பில் அவித்தது. பிள்ளைகள் முகத்தைத் திருப்பினர். பெரியம்மா மட்டும் மகிழ்ச்சியோடு ஒவ்வோர் எலும்பாக ஒதுக்கிவைத்து உண்டார். லயத்தில் கோழி அறுத்தால் எதுவும் வீணாவதில்லை என்பதைச் சீனரும் அறிந்திருக்கிறார்களே என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. எமக்கு அன்று மிகவும் பிடித்தது கடைசியில் வந்த முட்டைப் பணியாரம். ஆனால் அது இனிப்பின்பால் எமக்குள்ள பலவீனம்.

இனித் தேநீருக்கு வருவோம்.

பீங்கான் கெண்டியில் 'தியே குவான் யின்' என்னும் ஊலோங் தேநீர் வைத்திருந்தார்கள். ஃபூஜியன் மாகாணத்து அன்சி மலைகளில் விளைவது; 'இரும்புக் கருணைத் தேவி' என்பது பெயரின் பொருள். ஒருவர் மற்றவருக்கு ஊற்றும்போது, பெற்றுக்கொள்பவர் இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவது வழக்கம். மாறுவேடத்தில் ஊர்சுற்றிய சியென்லுங் பேரரசன் தன் பணியாளனுக்குத் தானே தேநீர் ஊற்ற, அவன் மண்டியிட்டு வணங்க முடியாமல் விரல்களை மடித்து மேசையில் வணங்கினான் என்று கதை சொல்கிறார்கள். பிள்ளைகள் உடனே தட்டத் தொடங்கிவிட்டனர்.

பெரியம்மா ஒரு வாய் பருகினார். சாயம் போதாது என்றார். பால் இல்லை, சீனி இல்லை, சாயமும் இல்லையெனில் இதற்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று கேட்டார். பிறகு, மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று பரிமாறும் பெண்ணை வினவினார். அவள் திறந்து காட்டினாள். தண்ணீர் தீர்ந்தால் மூடியைத் திறந்து வைப்பதுதான் இங்கே அடையாளமாம். ஆகவே அவள் அதனைத் தவறாக எண்ணவில்லை.

உள்ளே இலைகள் விரிந்து கிடந்தன. மிளகளவு உருண்டைகளாகச் சுருட்டி உலர்த்தப்பட்டவை வெந்நீரில் அவிழ்ந்து முழு இலையாகவே மீண்டிருந்தன. பெரியம்மா கரண்டியால் ஒன்றை எடுத்துத் தட்டில் இட்டு, விரலால் நீவி விரித்தார். காம்பு, அதில் மூன்று இலைகள். அரும்பு இல்லை.

"இது முத்தல்" என்றார். குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. "ரெண்டு எலை ஒரு மொட்டுதான் பறிக்கணும். இத நாங்க கொண்டுபோயிருந்தா நிறுவையில அப்பிடியே கழிச்சிருப்பாங்க."

அவர் கூறியது முற்றிலும் சரி. எம் தோட்டங்களில் கறுப்புத் தேயிலைக்கு இளங்கொழுந்தே வேண்டும். அன்சியில் இந்தத் தேயிலைக்கு மொட்டு விரிந்து இலை சற்று முதிரும் வரை காத்திருந்தே பறிக்கிறார்கள். அதன் மணம் முதிர்ந்த இலையில்தான் உண்டாகிறது. பாதியளவே நொதிக்கவிட்டு நிறுத்துவதால் சாயம் இறங்குவதில்லை. தேயிலைச் செடி ஒன்றே. சீனத்துச் செடிகளை டி வோம்ஸ் என்பவர் 1841 அளவில் புசல்லாவையில் நட்டார். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் முதல் வணிகத் தோட்டத்தை உண்டாக்கினார். கோப்பி நோயால் அழிந்தபின் மலையெங்கும் தேயிலை பரவியது. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. பெரியம்மா சொன்னதோ எந்தப் பாடநூலிலும் நாம் காணாதது.

"முப்பத்தெட்டு வருஷம் பறிச்சேன். பறிச்ச எலையக் கோப்பையில இன்னிக்குத்தான் பாக்குறேன்."

எண்ணிப் பார்த்தால் வேறு எப்படி இருக்கமுடியும்? ஆலையில் கொழுந்தை வாட்டி, உருளையில் இட்டு நசுக்கி உடைத்து, நொதிக்கவைத்து, உலர்த்திச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். லயத்துக்கு வருவது தூள். அதில் இலையின் உருவம் இல்லை. அவர் தட்டிலிருந்த அந்த இலையை மீண்டும் கெண்டிக்குள் இடவில்லை; தட்டின் ஓரத்தில் நேராக வைத்துவிட்டு, அடுத்த கோப்பையைச் சாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பருகினார்.

பேரன் வெண்ணிற மேலுடையோடு சில நிமிடங்கள் வெளியே வந்தான். நெற்றியில் வியர்வை. கைவிரல்களின் பின்புறம் ஆவி சுட்ட தழும்புகள் இருந்தன. பெரியம்மா அந்தக் கையைப் பற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம் விரல்களை அதன் அருகே வைத்தார். கொழுந்துக் கறை பிடித்து வெடித்த விரல்கள் அவை.

"அந்தப் பதினொரு மடிப்பும் நீ மடிச்சதா?"

"ஆமா அப்பாயி. ஒங்களுக்குன்னு தனியா செஞ்சது. மத்தவங்களுக்கு ஒம்பது."

ஒரு நாளைக்கு எத்தனை மடிப்பாய் என்று கேட்டார். கணக்கு வைப்பதில்லை, நூற்றுக்கணக்கில் என்றான். "நாங்க கிலோவுல கணக்கு வச்சோம்" என்றார் அவர்.

பணம் செலுத்தும் தருணத்தில் எமக்கும் அவனுக்கும் சிறு போட்டி நடந்தது. அவன் முன்னரே ஏற்பாடு செய்துவிட்டதால் தோற்றோம். ஊழியனுக்குரிய கழிவு உண்டு சித்தப்பா என்று சமாதானம் சொன்னான். அக்கழிவு போகவும் அத்தொகை சிறியதாக இராது என்பது எமக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை தன் முதல் விருந்தைத் தரும்போது அதனைக் கணக்கிட்டு மறுப்பது பெரியோர் செய்யத்தக்கதன்று.

மூன்று மணிக்கு அவனுக்கு ஒரு மணி நேர ஓய்வு. திடலில் சந்தித்தோம். கடற்காற்றில் பட்டங்கள் பறந்தன. தள்ளுவண்டியில் இறால் வடை வாங்கினோம். உள்ளே பார்த்த அதே இறால், இங்கே பருப்பு வடையின்மேல் முழுதாக ஒட்டி, மிளகாய்ச் சம்பலோடு, காகிதத்தில் வந்தது. பிள்ளைகள் இதற்கே முதற்பரிசு அளித்தனர். நாமும் மறுக்கவில்லை, ஆனால் தோலின் மென்மைக்குச் சீனக் கொழுக்கட்டைக்கு ஒரு தனிப் பரிசு உண்டு என்பது எம் துணிபு.

துபாய்ப் பேச்சு அங்கேதான் எழுந்தது. இரத்தோட்டைக்கு மேலே அவர்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீட்டுச் சுவர்கள் இடுப்பளவில் நிற்கின்றன. 2022 இன் நெருக்கடியில் சீமெந்தின் விலை ஏறியபோது நின்ற வேலை; இன்னும் தொடங்கவில்லை. கொழும்புச் சம்பளத்தில் கூரையைக் காண முடியாது என்றான். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அங்கே சென்றால் இதே பெட்டி, இதே ஆவி, சம்பளம் மட்டும் வேறு. அவன் சொல்லி முடித்தான். இப்போது பெரியம்மா பேசுவார், விடியற்காலையிலிருந்து தயாரித்து வந்ததைச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்த துணிப் பொட்டலத்தை அவிழ்த்தார். உலர்ந்த மிளகு. வீட்டுப் பின்புறத்துக் கொடியில் தாமே பறித்து உலர்த்தியது.

"ஒங்க கொழுக்கட்டைக்கு மிளகு போடுவீங்களா?"

"போடுவோம் அப்பாயி. வெள்ளை மிளகு."

"அது வேற மிளகு இல்லடா. இதுதான். பழுத்ததும் ஊறவச்சுத் தோல உரிச்சா வெள்ளை." பொட்டலத்தை மீண்டும் இறுக்கி முடிந்து அவன் கையில் வைத்தார். "அங்க மலை இருக்கா?"

"மணல்தான் அப்பாயி."

"ரெண்டு வருஷம்தானே?"

"ரெண்டு வருஷம்."

நாலு மணிக்கு அவன் மாலை வேலைக்குத் திரும்ப வேண்டும். வீதியைக் கடந்து, வளாகத்தின் பெருவாயிலைத் தவிர்த்து, ஊழியருக்கான பக்க வழியாக உள்ளே சென்றான். பெரியம்மா அவ்வழி மூடும் வரை நின்று பார்த்துவிட்டு, வானில் முன் இருக்கையைக் கேட்டு வாங்கி அமர்ந்துகொண்டார். கடுகண்ணாவ ஏற்றத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். நல்ல சாயமாக, சீனி கூட்டி என்றார்.